எரிவது எதுவென அறிந்து அணைப்போம்

தோட்டத்துப் பால் கொட்டகையிலும் பண்டகசாலையிலும் சுவரில் ஒரு சிவப்பு உருளை மாட்டப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காண்கிறோமேயன்றி, அருகிற் சென்று அதில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சில இடங்களில் அதன்மீது யாரோ ஒருவருடைய மழைச்சட்டை தொங்கும். வேறு சில இடங்களில் அதனை மறைத்து உர மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். நெருப்புப் பற்றிக்கொண்ட பிறகுதான் அந்த உருளையின் நினைவே வரும். அப்பொழுது நின்று படித்தறிய நேரம் இராது.

பட்டணத்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி விரைந்து வந்துவிடக்கூடும். தெருவோரத்தில் தண்ணீர்க் குழாயும் இருக்கும். தோட்டத்தின் நிலைமை வேறு. பெருஞ்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, செம்மண் பாதையின் முடிவில் நம் குடியிருப்பு அமைந்திருக்கிறது. பொம்பா என நாம் வழங்கும் தீயணைப்பு மீட்புப் படையினர் எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும், வந்து சேரும்வரையிலான முதல் நிமிடங்கள் நம் கையில்தான் உள்ளன. சிறு தீ பெருந்தீயாவதும், சிறு தீயாகவே அடங்கிப்போவதும் அந்த நிமிடங்களில்தான் முடிவாகின்றன. ஆகவே, எந்தத் தீயை எதைக் கொண்டு அணைப்பது, எந்தத் தீயை அணைக்க முற்படாமல் விலகுவது என்பதைத் தோட்டத்து மக்கள் யாவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

தீக்கு வேண்டியவை மூன்று

எரிவதற்கு ஒரு பொருள், அதனைப் பற்றவைக்கும் வெப்பம், காற்றிலுள்ள உயிர்வாயு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் தீ உண்டாகும். இம்மூன்றில் ஒன்றை அகற்றினாலும் தீ அடங்கும். தண்ணீர் வெப்பத்தைத் தணிக்கிறது. நுரையும் கரியமிலவாயுவும் காற்றைத் தடுக்கின்றன. உலர்தூள் தீச்சுடர் தொடர்ந்து எரிவதைத் தடைசெய்கிறது. எரிவாயுக் குழாயின் திருகை மூடுவது எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. தீயணைக்கும் முறைகள் எத்தனையாயினும் யாவும் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

ஆயினும் எல்லாத் தீயும் ஒரே தன்மையுடையன அல்ல. எரியும் பொருளுக்கு ஏற்பத் தீயை வகைப்படுத்தி, ஆங்கில எழுத்துகளால் குறிக்கின்றனர். மரம், துணி, தாள், ரப்பர் போன்ற திடப்பொருள்கள் எரிவது ‘ஏ’ வகை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாயம் போன்ற திரவங்கள் எரிவது ‘பி’ வகை. சமையல் எரிவாயு போன்றவை எரிவது ‘சி’ வகை. மின்சாரத்தால் மூளும் தீயையும், கொதிக்கும் சமையல் எண்ணெயில் மூளும் தீயையும் தனித்தனியே கருத வேண்டும். உருளையின் மேலுள்ள எழுத்துகள், அது எவ்வகைத் தீக்கு உரியது என்பதையே தெரிவிக்கின்றன.

தோட்டத்தில் எங்கே எது வேண்டும்?

முதலில் புகைக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இன்று பல தோட்டங்கள் பாலையும் ஒட்டுப்பாலையும் நேரே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுகின்றன. எனினும், ரப்பர்ச் சீட்டுகளைப் புகையிற் காயவைக்கும் கூடங்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கூடத்தினுள் நெருப்பும், அதன் மேலே உலர்ந்த ரப்பரும் அருகருகே இருக்கின்றன. கழியிலிருந்து ஒரு சீட்டு நழுவி நெருப்பின்மீதோ சூடேறிய புகைக்குழாயின்மீதோ வீழ்ந்தால் அதுவே போதும். பல நாள் படிந்த கரியும் பிசினும் சுவரெங்கும் இருப்பதால் தீ நொடியிற் பரவும். எரியும் ரப்பர் உருகிச் சொட்டும். சொட்டும் இடமெல்லாம் தீ மூளும். அதன் கரும்புகையை உள்ளிழுத்தால் சில மூச்சிலேயே மயக்கம் உண்டாகும்.

ரப்பர் திடப்பொருள். ஆகவே அதற்கு உகந்தது தண்ணீர்தான். உலர்தூள் அடித்தால் சுடர் அடங்கும். தீ அணைந்துவிட்டது என்று நாமும் திரும்பிவிடுவோம். ஆனால் தூள் வெப்பத்தைத் தணிப்பதில்லை. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ரப்பர் சிறிது நேரத்தில் மீண்டும் பற்றிக்கொள்ளும். இதனால், தூள் உருளை இருந்தாலும் புகைக்கூடத்தின் அருகே தண்ணீர்க் குழாயும், நீர் நிறைந்த பீப்பாயும், வாளிகளும் இருத்தல் அவசியம். கூடத்தினுள் தீ பெருகிவிட்டது எனத் தெரிந்தால் கதவைத் திறந்து பார்க்கலாகாது. திறந்தால் உள்ளே புகும் காற்றுத் தீயை மேலும் வளர்க்கும். திறந்தவர் முகத்திலேயே சுடர் பாயவும் கூடும். கதவையும் காற்றுத் துவாரங்களையும் வெளியிலிருந்து அடைக்க முடிந்தால் அடைத்துவிட்டு, அருகிலுள்ள கட்டடங்களுக்குத் தீ பரவாமல் காப்பதே செய்யத்தக்கது.

இரண்டாவது, எரிபொருள் வைக்கும் இடம். புல்வெட்டும் இயந்திரத்திற்கான பெட்ரோலும் டிராக்டருக்கான டீசலும் இங்கே இருக்கும். டீசல் ஓரளவு சூடேறிய பின்னரே எளிதில் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். பெட்ரோலோ நம் நாட்டுச் சாதாரண வெப்பத்திலேயே எந்நேரமும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். இத்தீயில் தண்ணீரைக் கொட்டினால், எரியும் எண்ணெய் தண்ணீரின்மேல் மிதந்து நாற்புறமும் ஓடும். இங்கு வேண்டியவை நுரைக் கருவியும் உலர்தூள் கருவியும் ஆகும். தரையிற் சிந்திய சிறு தீக்கு ஒரு வாளி உலர்ந்த மணலும் பயன்படும்.

மூன்றாவது, மின்சாரம் உள்ள இடங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டார், மின்பலகை, அலுவலகக் கணினி முதலியவற்றில் தீப்பிடித்தால் முதலிற் செய்ய வேண்டியது மெயின் சுவிட்சை நிறுத்துவது. தண்ணீரையோ நுரையையோ அடித்தல் கூடாது. அவற்றின் வழியே மின்சாரம் பாய்ந்து அடிப்பவரின் உயிரையே வாங்கிவிடும். இதற்குக் கரியமிலவாயுக் கருவியே மிகவும் ஏற்றது. அது இயந்திரத்தில் எவ்விதக் கசடையும் விடுவதில்லை. உலர்தூளையும் பயன்படுத்தலாம், ஆனால் தூள் நுண்ணிய கருவிகளினுள் புகுந்து அவற்றைக் கெடுத்துவிடும். கரியமிலவாயுவைக் கையாள்வோர் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கலாகாது. அதன் ஊதுகுழல் கடுங்குளிராகிவிடுமாதலால் வெறுங்கையால் குழலைப் பற்றுதல் கூடாது. காற்றோட்டமற்ற சிறிய அறையில் அதனை அடித்துவிட்டு உள்ளேயே நிற்பதும் கூடாது, மூச்சுத் திணறும்.

நான்காவது, நம் வீட்டு அடுப்பங்கரை. பொரிக்கும் எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றிவிடுவது பலரின் இயல்பு. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதாதலால் அடியில் இறங்கி, கணப்பொழுதில் ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் கூரைவரை எழும்பிச் சிதறும். செய்ய வேண்டியது எளிது. அடுப்பை அணைத்து, வாணலியைப் பொருத்தமான மூடியால் மூடிவிட வேண்டும். மூடி இல்லையேல், நனைத்து நன்றாகப் பிழிந்த கனத்த துணியால் மூடலாம். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுதல் கூடாது. சூடு ஆறும்வரை மூடியைத் திறத்தலும் கூடாது.

எரிவாயுத் தோம்பில் கசிவு இருப்பதை வாடையால் உணர்ந்தால், விளக்குச் சுவிட்சைப் போடுவதோ நிறுத்துவதோ ஆகாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாதலால் தரையில் தேங்கி நிற்கும். திருகை மூடிக் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு வெளியேற வேண்டும். கசியும் வாயு எரிந்துகொண்டிருந்தால், திருகை மூட முடியும் என்ற நிலையில் மட்டுமே அத்தீயை அணைக்க முற்படலாம். மூட இயலாத நிலையில் சுடரை மட்டும் அணைத்துவிட்டால் வாயு வெளியேறி வீடெங்கும் நிறையும். அடுத்து மூள்வது வெடிப்பாக இருக்கும்.

உருளையை அடையாளம் காண்பது எப்படி?

முன்னாளில் தண்ணீருக்குச் சிவப்பு, நுரைக்கு வெளிர்மஞ்சள், தூளுக்கு நீலம், கரியமிலவாயுவுக்குக் கறுப்பு என நிறத்தைக் கொண்டே பிரித்தறியும் வழக்கம் இருந்தது. இன்று நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. உருளையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மலாய் மொழியில் ‘செர்புக் கெரிங்’ என்றிருந்தால் அது உலர்தூள். ‘ஆயர்’ என்றிருந்தால் தண்ணீர். கரியமிலவாயு உருளையை அதன் அகன்ற கறுப்பு ஊதுகுழலைக் கொண்டும், அழுத்தம் காட்டும் மானி இல்லாமையைக் கொண்டும் அறியலாம்.

தோட்டங்களில் பெரும்பாலும் காணப்படுவது ‘ஏ’, ‘பி’, ‘சி’ மூன்றுக்கும் பொதுவான உலர்தூள் கருவியேயாகும். ஒரே கருவி வாங்க முடியும் என்ற நிலையில் அதனை வாங்குவது தக்கதே. ஆயினும் பொதுவான கருவி எல்லாவற்றிற்கும் சிறந்த கருவி ஆகிவிடாது என்பதை மேலே கண்டோம். வாங்கும்போது சிரிம் நிறுவனத்தின் தரச்சான்று முத்திரையும் பொம்பாவின் ஒட்டுவில்லையும் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். எடையையும் கருத வேண்டும். எத்துணைப் பெரிய உருளையாயினும், வீட்டிலுள்ள தாய்மாரும் முதியோரும் தூக்க இயலாததானால் அதனாற் பயனில்லை.

கையாளும் முறை

கருவியை எடுக்கும்போதே, வெளியேறும் வாயில் நம் முதுகுக்குப் பின்னே இருக்குமாறு நின்றுகொள்ள வேண்டும். வெட்டவெளியாயின் காற்று வீசும் திசையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு செய்ய வேண்டியவை நான்கு. பிடியிலுள்ள காப்பூசியை இழுக்க வேண்டும். குழாயின் முனையைச் சுடரின் உச்சிக்கன்று, தீயின் அடிப்பகுதிக்குக் குறிவைக்க வேண்டும். பிடியை அழுத்த வேண்டும். குழாயை இடமும் வலமுமாக அசைத்து அடிக்க வேண்டும். எரியும் எண்ணெய்க்கு மிக அருகிலிருந்து அடித்தால் அது சிதறுமாதலால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று தொடங்குவது நன்று.

சிறிய உருளை பத்து விநாடியளவில் தீர்ந்துவிடும் என்பதைப் பலர் அறியார். ஓர் உருளையால் அணைக்கத்தக்கது, ஒரு குப்பைத் தோம்பு அளவிலான தொடக்கத் தீ மட்டுமே. தீ கூரையை எட்டிவிட்டாலோ, புகை அறையை நிறைத்துவிட்டாலோ, எது எரிகிறது என்று தெரியாவிட்டாலோ, ஓர் உருளை தீர்ந்தும் தீ அடங்காவிட்டாலோ, அணைக்கும் முயற்சியைக் கைவிட்டு வெளியேற வேண்டும். அது கோழைத்தனம் ஆகாது. ரப்பரையும் இயந்திரத்தையும் மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலாது.

பொறுப்பு யாருடையது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. பாதுகாப்பான வேலையிடத்தையும், வேண்டிய கருவிகளையும், அவற்றைக் கையாளும் பயிற்சியையும் அளிப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்யும் ஏற்பாட்டிற்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. 40 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதனை முதலாளிக்கு அறிவித்தும் ஆபத்து நீக்கப்படவில்லையெனில், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை அவருக்கு உண்டு.

அதே சட்டம் தொழிலாளிக்கும் கடமைகளை விதித்திருக்கிறது. தம்முடைய பாதுகாப்பிலும் தம்மால் பாதிக்கப்படக்கூடிய பிறருடைய பாதுகாப்பிலும் அவர் கவனம் செலுத்த வேண்டும். பாதுகாப்புக்கென வைத்த கருவியைச் சிதைக்கவோ தவறாகப் பயன்படுத்தவோ கூடாது. விளையாட்டாகக் காப்பூசியை இழுத்துப் பார்ப்பதும், தீவாளியிலுள்ள மணலை வேறு வேலைக்கு எடுப்பதும் குற்றமற்ற செயல்கள் அல்ல. 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, அவசர வழியை அடைத்து வைப்பதும் தீ ஆபத்தாகவே கருதப்படும். அதனை அகற்றுமாறு ஆணையிடும் அதிகாரம் தீயணைப்புத் துறைக்கு உண்டு.

சுருங்கச் சொன்னால், கருவியை வாங்கி வைப்பது நிர்வாகத்தின் கடமை. அது வேலை செய்கிறதா என்று கண்காணிப்பது அனைவரின் கடமை. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, காப்பூசியும் முத்திரையும் உள்ளனவா, குழாயில் வெடிப்போ பூச்சிக்கூடோ இருக்கிறதா, உருளையில் துரு ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கரியமிலவாயு உருளையில் மானி இல்லையாதலால் அதனை எடை போட்டே அறிய வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பப்பட வேண்டும். ஆண்டுக்கொருமுறை தகுதி பெற்றவர்களைக் கொண்டு சோதிக்கச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. சிறிதளவே பயன்படுத்திய தூள் உருளையையும் அப்படியே திரும்ப மாட்டிவைத்தல் கூடாது. அதன் அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். குறை கண்டால் கங்காணியிடமோ பாதுகாப்புக் குழுவிடமோ தெரிவித்து, அது பதிவு செய்யப்படுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் புரியும் மொழியில் இப்பயிற்சி அளிக்கப்பட வேண்டும். தீ மூண்ட வேளையில் பக்கத்தில் நிற்பவர் அவராகவே இருக்கலாம்.

லயத்து வீடுகளில்

பழைய பலகை லயங்களில் பல வீடுகளுக்கு ஒரே கூரைதான். சில லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழுப்பப்படாமல் பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் எழுந்த தீ அந்த இடைவெளி வழியே வரிசை முழுவதையும் எட்டிவிடும். ஆகவே நம் வீட்டுக் கவனக்குறைவு நம்மோடு முடிவதில்லை. ஒரே மின்முனையில் பல கருவிகளைப் பொருத்துவது, சாமி விளக்கைத் திரைச்சீலையின் அருகே எரியவிட்டு வேலைக்குச் செல்வது, கொசுவத்திச் சுருளை மெத்தையோரத்தில் வைப்பது, பெட்ரோலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைப்பது ஆகிய பழக்கங்களை அறவே விட்டொழிக்க வேண்டும். பிள்ளைகள் கைக்குத் தீப்பெட்டி எட்டலாகாது. ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்த வழியே வெளியேறுவது, எந்த மரத்தடியில் ஒன்றுகூடுவது என்பது முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், சேமநிதிக் கணக்கு முதலியவற்றை ஒரே பையில் இட்டு, வாயிலருகே எடுக்க எளிதான இடத்தில் வைத்திருப்பது நன்று. இவற்றை இழந்து மறுபடியும் பெறுவதற்கு அலைவது எத்துணைத் துன்பம் என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் நகல்களை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வைக்கலாம். ஆனால் வெளியே வந்த பிறகு, பத்திரத்தை எடுக்கவோ பணத்தை எடுக்கவோ மீண்டும் உள்ளே நுழைதல் கூடாது.

இலையுதிர் காலத்தில் ரப்பர் மரங்களின் சருகு தரையெங்கும் காய்ந்து கிடக்கும். அப்போது வீசியெறியும் ஒரு சிகரெட்டுத் துண்டு ஒரு நிரை மரத்தையே எரித்துவிடும். குப்பையையும் சருகையும் குவித்துக் கொளுத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடைசெய்கிறது.

999ஐ அழைக்கும்போது

பெரிய தீயெனத் தெரிந்தவுடனே, அணைக்கும் முயற்சியோடு ஒருசேர 999ஐ அழைக்க வேண்டும். அணைத்துப் பார்த்துவிட்டு அழைப்போம் என்று தாமதிக்கலாகாது. தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும், பெருஞ்சாலையிலிருந்து திரும்ப வேண்டிய சந்தியையும், எது எரிகிறது என்பதையும், உள்ளே யாரேனும் சிக்கியிருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இளைஞரை மோட்டார் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி, வண்டியை வழிநடத்தி வரச் செய்ய வேண்டும். இரவில் பூட்டப்படும் தோட்டக் கதவின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது, நடுவிலுள்ள பலகைப் பாலம் கனமான வண்டியைத் தாங்குமா, தண்ணீர் எடுக்கக் குளம் எங்கே இருக்கிறது ஆகிய மூன்று வினாக்களுக்கும் இன்றே விடை கண்டு வைக்க வேண்டும்.

தோழர்களே, இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை வேலைக்குச் செல்லும் வழியில் அந்த உருளையின் முன்னே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வழியை மறைத்திருக்கும் மூட்டையை அகற்றுங்கள். படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். தீ வந்த பிறகு கற்றுக்கொள்ள எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. தீ வராத நாள்களே நமக்குப் பள்ளிக்கூடம்.